ஜெனரலும் அட்வான்ஸ்டும்

இந்த ஊரில் மார்க்கை யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம், "உங்கள் பையன் கணக்கில் எத்தனை?" என்று வெள்ளந்தியாகக் கேட்டேன். வயதைக் கேட்டதுபோல முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. பாளையங்கோட்டையில் பரீட்சை முடிவு வந்தால் தெருவே வந்து விசாரிக்கும். இங்கே அது ஒட்டிய உறையில் வருகிறது. என் மகள் கோமதியின் உறையைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிரித்தேன். அட்வான்ஸ்டு கணக்கு: ஐம்பத்தெட்டு.

நாங்கள் இருப்பது கடல் கடந்த குளிர்நாடு ஒன்றில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்னும் சிற்றூரில். என் வீட்டுக்காரருக்கு விவசாயக் கல்லூரியில் மண் ஆராய்ச்சி வேலை. சேஜெப் என்னும் இடைக்கல்லூரிகள் வந்த புதிது அது. ஆங்கிலவழிப் பல்கலைக்கழகங்கள் இன்னமும் பதினோராம் வகுப்பு முடித்தவர்களை நேரே சேர்த்துக்கொண்டிருந்தன. கோமதிக்கு இன்ஜினியரிங்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். பள்ளி ஆலோசகர் என்னை அழைத்து ஒரு பாரத்தை நீட்டினார். "சாதாரணக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். தொண்ணூறு வாங்குவாள், சராசரி ஏறிவிடும். பெற்றோர் கையெழுத்து போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளியிலும் கணக்கு இரண்டு பிரிவு: லேசானது ஜெனரல், கடினமானது காம்போசிட். தலைமையாசிரியை சொன்னார் என்று அப்பா கேள்வி முறையின்றி ஜெனரலுக்குக் கையெழுத்துப் போட்டார். "பொம்பளப் பிள்ளைக்குக் கஷ்டக் கணக்கு எதுக்குட்டி? நெறைய மார்க்கு வாங்கு, போதும்." வாங்கினேன், தொண்ணூற்றாறு. கல்லூரியில் கணக்குப் பிரிவு கேட்டபோது குமாஸ்தா மார்க்கைப் பார்க்கவே இல்லை. "ஜெனரலா? கெடையாதும்மா." அப்பாவை மன்னிக்கவில்லை.

ஆகவே ஆலோசகரிடம், "கடினமான வகுப்புக்குப் பல்கலைக்கழகத்தில் கூடுதல் மதிப்பு உண்டா?" என்று கேட்டேன். மார்க்கைக் கூட்டச் சொல்லிப் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். "மேடம், மார்க்கையெல்லாம் நாங்கள் மாற்ற முடியாது" என்றார் கண்டிப்பாக. இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மறுநாளே ரயிலேறி நகரத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். பனிக்காலணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி அம்மாள் கூப்பிட்டாள். நல்ல மனுஷி, மறைக்காமல் சொன்னாள். "அட்வான்ஸ்டு மார்க்கோடு பத்து கூட்டிக்கொள்வோம். இன்ஜினியரிங்குக்குக் குறைந்தது எண்பது வேண்டும்."

திரும்பும் ரயிலில் கூட்டினேன். ஐம்பத்தெட்டும் பத்தும் அறுபத்தெட்டு. மாற்றினால் தொண்ணூறு. எப்படிக் கூட்டினாலும் ஆலோசகர் சொன்னதுதான் சரி. அத்தனை வீராப்பும் எங்கேயோ போயிற்று. வீட்டுக்கு வந்ததும் பாரத்தை மேசையில் விரித்துப் பேனா மூடியைக் கழற்றினேன்.

"மாத்திக்கிடலாமாட்டி? நெறைய மார்க்கு வருமே."

கோமதி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயாம்மா சொல்ற? தாத்தா சொன்னத அப்படியே சொல்ற."

"எடம் கெடைக்கலேன்னா?"

"தொண்ணூறு வாங்கி உள்ள போயிட்டு, அங்க நடத்துற கணக்கு புரியாம முழிக்கவா? ஜூனுக்குள்ள எழுபது வாங்குறேன். கையெழுத்துப் போடாத."

பேனாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

அன்று தொடங்கியதுதான். அவள் பள்ளிக்குப் போனதும் அவளுடைய பழைய கணக்குப் புத்தகத்தை அடுப்படியில் விரித்து நானும் படித்தேன். எனக்கு மறுக்கப்பட்ட திரிகோணக் கணிதம், முப்பத்தைந்து வயதில், சாம்பார் கொதிக்கக் கொதிக்க. சாயங்காலம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுப்பாள். சொல்லிக்கொடுக்கையில் அவளுக்கே தெளியும். இரண்டு முறை சாம்பார் அடிப்பிடித்தது. அவர் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டார்.

ஜூனில் எழுபத்து நான்கு. பத்தும் சேர்த்து இடம் கிடைத்துவிட்டது.

அப்பாவுக்கு ஏரோகிராம் எழுத உட்கார்ந்தேன். இங்கே எண்பத்து நான்கு என்று கணக்குப் பண்ணியதை அவருக்கு எப்படி விளக்குவது? எழுபத்து நான்கு, ஃபர்ஸ்ட் கிளாஸ் என்றே எழுதினேன்; ஊருக்கு அது போதும். பாரத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்ததையும் ஒளிக்காமல் எழுதினேன். கடைசியில் இடமில்லாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதிய வரி இது: "அப்பா, இத்தனை வருஷம் உங்களை மனசுக்குள் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்."