அப்பா தூங்கிய நூபியத் தலைக்கட்டை

பேர்லினில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய பொருட்களைச் செப்பனிடுவது என் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே தூக்கத்தைப் பற்றி ஒரு சிறிய கண்காட்சி வைத்தோம். அதற்காக மூன்று தலைக்கட்டைகள் என் மேசைக்கு வந்தன. தலைக்கட்டை என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். தலையணைக்குப் பதிலாகக் கழுத்துக்கு அடியில் கொடுக்கும் மரத் தாங்கி அது. கீழே ஒரு பீடம், நடுவில் ஒரு தண்டு, மேலே பிறை போல வளைந்த பலகை.

ஒன்று பழைய எகிப்தியக் கல்லறை ஒன்றில் கிடைத்தது. இன்னொன்று எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடானில், பண்டைய நூபியர்களின் கேர்மா நகரத்துப் புதைகுழியிலிருந்து வந்தது. கேர்மாவில் சிலரை மரக்கட்டிலிலேயே கிடத்திப் புதைத்திருக்கிறார்கள். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தூங்குகிறவர்களைப் போல. மூன்றாவது இவற்றைவிட மிகவும் இளையது. சிம்பாப்வேயில் ஷோனா மொழி பேசும் யாரோ ஒருவர் வீட்டில் வைத்திருந்தது. அதன் வளைவில் தலை பட்டுப் பட்டு வந்த மினுமினுப்பு இன்னும் இருந்தது. மூன்றையும் அருகருகே வைத்தால் உறவுக்காரர்கள் போலத் தெரியும். ஒன்றைப் பார்த்து மற்றது வந்ததா, வெக்கையில் கழுத்துக்குக் காற்றும் கூந்தல் அலங்காரத்துக்குக் காவலும் தேடியவர்கள் தனித்தனியே கண்டுபிடித்தார்களா என்று எங்களில் யாருக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பார்வையாளர்கள் படுத்துப் பார்ப்பதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி செய்து, மூன்று தாழ்ந்த கட்டில்களில் வைத்தோம். திறப்பதற்குச் சற்று முன், விளக்கப் பலகைகளைச் சரிபார்க்க ஒரு மொழியியல் ஆசிரியை வந்தார். சிம்பாப்வேயில் பிறந்தவர்; ஷோனா அவருடைய தாய்மொழி. ‘பாண்டு மக்களின் தலைக்கட்டை’ என்ற வரியில் விரலை வைத்து நின்றுவிட்டார்.

“பாண்டு என்றாலே மக்கள் என்றுதான் அர்த்தம்,” என்றார் ஜெர்மனில். “நீங்கள் மக்கள் மக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.”

தெற்கிலும் நடுவிலும் கிழக்கிலுமாக ஆப்பிரிக்காவில் பேசப்படும் பல நூறு மொழிகளுக்கு ஆய்வாளர்கள் வைத்த குடும்பப் பெயர் அது. ஒருவர் வீட்டுப் பொருளுக்கு அது மிகப் பெரிய முகவரி. வரியை ‘ஷோனா’ என்று மாற்றினோம்.

பிறகு அவர் கட்டில்களைப் பார்த்தார்.

“எங்கள் பக்கத்தில் இதில் ஆண்கள்தான் படுப்பார்கள். படுத்தவர் கனவில் தன் முன்னோரைப் பார்த்துவிட்டு வருவார் என்று நம்பிக்கை. அடுத்தவருடையதில் யாரும் தலை வைப்பதில்லை.”

இது வெறும் பிரதிதானே என்றார் கண்காட்சிப் பொறுப்பாளர்.

“அப்படியானால் எடுத்துவிடுவதிலும் நட்டமில்லையே.”

அவர் குரலை உயர்த்தவில்லை. பொறுப்பாளர் ஷோனாப் பிரதியை எடுக்கச் சொன்னார். எகிப்தியப் பிரதியும் நூபியப் பிரதியும் அப்படியே இருந்தன. நூபியர்கள் இன்றும் வாழ்கிறார்கள். பேர்லினிலேயே யாராவது இருக்கக்கூடும். அவர்களில் ஒருவரையும் நாங்கள் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

அந்தக் கோடையில், பேர்லினின் நொய்கெல்ன் பகுதியிலுள்ள முருகன் கோயில் திருவிழாவுக்காக அப்பா, தானும் அம்மாவும் வசிக்கும் டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து வந்திருந்தார். தொழிற்சாலையில் மாறி மாறி வரும் ஷிஃப்டுகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தூக்கம் அவரை விட்டுப் போய்விட்டது. மருத்துவர் கொடுத்த குளிசைகளும் உதவவில்லை. திருவிழாவுக்கு மறுநாள் அவரைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன்.

“இதிலயோ படுத்தவை? கழுத்தெல்லோ முறிஞ்சு போகும்,” என்றார்.

“படுத்துப் பாருங்கோவன் அப்பா.”

எகிப்தியக் கட்டிலில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். அப்பா சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நூபியக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தார். பக்கத்து அறையில் அணைந்திருந்த ஒரு விளக்கைப் பார்த்துவிட்டு நான் திரும்பியபோது அவர் தூங்கியிருந்தார். முழங்கால் மடங்கியிருந்தது. தலைமாட்டுச் சுவரில் கேர்மாப் புதைகுழியின் வரைபடம். அதே கட்டில், அதே மடங்கிய கால். சுவரில் மாட்டிய நாளிலிருந்து எத்தனையோ முறை பார்த்த படம்தான். அப்போது மட்டும் பார்க்கப் பிடிக்கவில்லை. குனிந்து அப்பாவின் மூச்சைக் கவனித்தேன். சீராக வந்துகொண்டிருந்தது.

காவலுக்கு இருந்த பெண் வந்து, வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். நான் எழுப்பக் கையை நீட்டியபோது அந்த ஆசிரியை மாணவர்களோடு உள்ளே வந்தார்.

“உங்கள் அப்பாவா?”

“ஆமாம். சரியாகத் தூங்கியே நீண்ட காலமாகிறது.”

“அப்படியானால் விடுங்கள்.”

மாணவர்களைச் சத்தமில்லாமல் அடுத்த அறைக்கு அனுப்பினார். காவல்காரப் பெண் எங்களிருவரையும் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலுக்கு முன்னால் போட்டு, வழியை மறித்து உட்கார்ந்துகொண்டார்.

அப்பா விழித்ததும் முதலில் சப்பாத்தைத் தேடினார். ஆசிரியை அவரிடமே கனவு ஏதும் கண்டீர்களா என்று கேட்டார்.

“கனவு இல்லை. நல்ல தூக்கம்,” என்றார் அப்பா, தன் தொழிற்சாலை ஜெர்மனில்.

“எங்கள் ஊரில் என்றால், போன இடத்தை மறைக்கிறார் என்பார்கள்.”

அப்பா வெட்கத்தோடு சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது ரயிலில் தானாகவே சொன்னார்: “அந்தப் பிள்ளை சொன்னது ஒருவகையில சரிதான். எங்கயோ போயிட்டு வந்த மாதிரித்தான் கிடக்கு. எங்க எண்டு சொல்லத் தெரியேல்லை.”

கண்காட்சி முடிந்ததும் நூபியப் பிரதியைக் கேட்டு வாங்கி டோர்ட்மண்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா சில இரவுகள் முயன்று பார்த்தார். கழுத்து நோவு மட்டும்தான் மிஞ்சியது. “ஏலாது பிள்ளை, இனி வேண்டாம்,” என்று என்னிடமே திருப்பித் தந்துவிட்டார். இப்போது பின்னேரங்களில் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையிலேயே தூங்கிவிடுகிறாராம். அம்மா சத்தத்தைக் குறைப்பதில்லை, குறைத்தால் விழித்துவிடுகிறார்.