திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் கருகிய வயல்

வாய்க்காலையும் நெல்லையும் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு பாதிதான் உதவும். நான் தஞ்சாவூரில் தாவரவியல் நடத்துகிறவள். எங்கள் ஆய்வக உதவியாளரின் தங்கை செல்வியின் குத்தகை வயலில் பாதி கருகிவிட்டது. நிலத்தை விடச் சொல்லி நெருக்கிய மிராசுதாரின் வேலை என்று நம்பி, செல்வியின் கணவர் அவருடைய காரியஸ்தரின் காலை வெட்டிவிட்டு ஜெயிலில் இருக்கிறார். பயிர் எதனால் போனது என்று நான் எழுதித் தந்தால் வக்கீலிடம் கொடுக்கலாமாம். கார்த்திகையில் ஒரு ஞாயிறு கிளம்பினேன்.

காலை 7.10 பஸ், திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய். “வெட்டு நடந்த வயலா? மதகோட இறக்கிவிடுறேன்” என்றார் டிரைவர்.

செல்வி வரப்பில் காத்திருந்தார். சுற்றிலும் சம்பா பச்சை, நடுவில் காய்ந்த வைக்கோல் நிறம். இலை வெயிலை வாங்கி ஓர் எலக்ட்ரானை விடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டத் தண்ணீரைப் பிளக்கிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் அதில் மிஞ்சியதுதான். எலக்ட்ரான் கைமாறிக் கைமாறிப் போய்ச் சர்க்கரை செய்ய உதவும். வரப்புப் புல்லை எரிக்கும் களைக்கொல்லி அதைக் கடைசிக் கையிலிருந்து பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுத்துவிடும். அந்த ஆக்சிஜன் இலையை அரித்துவிடும். வெயில் ஏற ஏறச் சேதமும் ஏறும். வேப்பமர நிழலில் மட்டும் பயிர் அரைப்பச்சையாக இருந்தது. களைக்கொல்லிதான் என்றேன். செல்விக்கு முகம் தெளிந்தது.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளியாள் தெளித்தால் வரப்போரம்தான் அதிகம் கருகும். இங்கே முதுகில் மாட்டும் மருந்து டேங்கில் தண்ணீர் பிடிக்கும் மதகு மூலையில் தொடங்கி, ஆள் நடந்த பட்டையாகவே கருகியிருந்தது. இரண்டாவது டேங்க் அடித்த இடத்தில் குறைவு, மூன்றாவதில் வெறும் புள்ளிகள். கடைசியாக யார் மருந்து அடித்தது என்று கேட்டேன். பயிர் கருகியதற்கு முந்தின நாள் கணவர்தான், இலைச்சுருட்டுப் புழுவுக்கு, வாடகை டேங்கில்.

“அடியில மிச்சம் கெடந்துச்சு. எல்லாம் மருந்துதானேன்னு அதுமேலயே ஊத்துனாரு.”

சொல்லி முடிக்கும்போதே செல்விக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் புழுவுக்கும் மருந்துதான், புல்லுக்கும் மருந்துதான். வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “அவருகிட்ட சொல்லிடாதீங்க மேடம். வெட்டுனதுக்கு ஒரு காரணம் இருக்குன்னுதான் உள்ள தூங்குறாரு.”

போகிறவர்களுக்கு: குடையும் தண்ணீரும் அவசியம், திரும்பும் பஸ் 5.40க்கு. வாடகை டேங்கை மூன்று தடவை கழுவாமல் எதையும் ஊற்றாதீர்கள்.

‘களைக்கொல்லியால் கருகியது’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை. காரியஸ்தர் படுத்திருக்கும் வீடு பஸ் வரும் வழியில்தான் இருக்கிறது. நான் இறங்கவில்லை.