‘ஒரு மாதிரி’ எவ்வளவு?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் “ஆர் யூ ஆல்ரைட்?” என்று கேட்பவர்கள் பதிலுக்கு நிற்பதில்லை. வந்த புதிதில், அலுவலக வாசலில் அப்படிக் கேட்ட ஒருவரிடம் என் தூக்கம், வயிறு, தலைவலி எல்லாவற்றையும் விளக்கினேன். மனிதர் லிஃப்டைத் தவறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆட்டிசம் இருப்பதை நாற்பதை நெருங்கும்போதுதான் இங்கே சொன்னார்கள். உணர்ச்சிகளைக் கையாளப் பழக்கும் வகுப்புக்கும் அனுப்பினார்கள். நடத்தியவர் ஹெலன். முகப்படங்கள் கொண்ட அட்டையைக் காட்டி, இப்போது உன் உணர்ச்சி எது என்றார். எதுவும் பொருந்தவில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். “எந்த மாதிரி?” என்றார். தென்காசியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஒரு காப்பியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

பதற்றம் வந்தால் முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்த வேண்டும் என்பது அடுத்த பாடம். நான் குற்றாலத்தை ஒட்டிய மேலகரத்துக்காரன். சீசனில் வீட்டோடு எல்லோரும் குற்றாலத்து அருவியில் நிற்க, நான் துணிமணிகளுக்குக் காவல் இருப்பேன். தலையில் தண்ணீர் விழுந்தால் எனக்கு அடி விழுவது போலிருக்கும். அதைச் சொன்னதும் ஹெலன் பாடத்தை மாற்றினார். தண்ணீருக்குப் பதில், சுவரை இரு கைகளாலும் அழுத்தித் தள்ள வேண்டும். உணர்ச்சிக்குப் பெயர் தேட வேண்டாம். காது சூடாகிறதா, தோள் இறுகுகிறதா என்று கவனித்தால் போதும். தமிழ்ச் சொல்லையும் கற்றுக்கொண்டு, “ஒரு மாத்ரி, ஹவ் மச்?” என்று கேட்க ஆரம்பித்தார்.

சென்ற ஆனியில் அக்கா மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனேன். அக்காவின் கல்யாணத்தில் மேளச் சத்தம் தாங்காமல் பந்தியிலிருந்து எழுந்து ஓடியவன் நான். அத்தான் அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். அதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசியதில்லை.

வரவேற்பில் பாட்டுக்கச்சேரி தொடங்கியதும் காது சுட்டது. மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றேன். அத்தான் தேடி வந்துவிட்டார்.

“என்ன மாப்ள, இப்பவும் கோவமா?”

“கோவம் இல்ல அத்தான், சத்தம். கொஞ்ச நேரம் இப்படித் தள்ளுனா சரியாயிரும். உள்ள வந்துருதேன்.”

“அன்னைக்கும் சத்தந்தானா?”

“ஆமா.”

“சொல்லியிருக்கலாம்லா.”

“அப்ப எனக்கே தெரியாது அத்தான்.”

அவர் உள்ளே போனார். ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பக்கவாசலில் போட்டார்.

“இங்கன இரி. பொண்ணும் மாப்பிள்ளையும் தெரியும், முடியலைன்னா எந்திச்சும் போயிரலாம். யாரும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.”

மேடையைப் பார்த்து உட்கார்ந்தேன். மடியில் மண்டபத்து வெளிச்சம் விழுந்தது. வெளியே சாரல் பிடித்திருந்தது. முதுகுப் பக்கம் சட்டை மெல்ல நனைந்துகொண்டிருந்தது.