நூறு ரூபாய் வாடகை

திருப்பதியில் நாங்கள் இருந்த வீடு எங்களுடையது அல்ல. வாடகைக்கு எடுத்ததும் அல்ல. சித்தூரில் மகளோடு இருந்த, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவருடையது. பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நைனாவையும் அம்மாவையும் யாரோ சொல்லி, அவர் பின்பக்கத்து அறையில் குடிவைத்தார். பெரிய வீட்டைப் பெருக்கித் துடைத்து, தென்னைக்குத் தண்ணீர் விட்டு, பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கைப் போட வேண்டும். அதற்குப் பதிலாக இருக்க இடம். எல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் எதுவும் இல்லை.

எனக்கு எட்டு வயதானபோது ஐப்பசி மழையில் அறையின் சிமெண்ட் ஷீட் விரிசல் விட்டது. நைனா மேலே ஏறி பிளாஸ்டிக் தாளை விரித்துக் கல் வைத்தார். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. டீச்சரம்மாவுக்குப் போன் செய்யலாம் என்று அவர் சொன்னபோது அம்மா தடுத்துவிட்டாள்.

"வாடகை குடுக்காம இருந்துகினு எந்த வாயால கேக்கறது?"

குண்டானும் பக்கெட்டும் ஒழுகும் இடங்களுக்குப் போயின. சோறு வடிக்கும்போது மட்டும் குண்டான் அடுப்புக்குத் திரும்பி வரும்.

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். அறையில் பாய் விரிக்கக் காய்ந்த இடமே இல்லை. நைனா தண்ணீர் கேன் வண்டியில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா சாவியை எடுத்துப் பெரிய வீட்டைத் திறந்து, கூடத்துத் தரையில் தன் புடவையை விரித்து என்னைப் படுக்கவைத்தாள். எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனாள். திறந்திருந்த அறைக்குள் டீச்சரம்மாவின் கட்டில் தெரிந்தது. மெத்தை போட்ட கட்டில். போய் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

நெற்றியில் ஒரு கை பட்டுத்தான் விழித்தேன். டீச்சரம்மா. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர், மழைக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்திருந்தார். அறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா நின்றாள். தப்பு தன்னுடையதுதான், இந்த வாரமே காலி செய்துவிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

டீச்சரம்மா குடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவருடைய பட்டுப் புடவையின் ஓரம் நனைந்திருந்தது. கிண்ணத்தை வாங்கி, ஆற்றி, எனக்கு அவரே ஊட்டினார். கல்யாணத்துக்குப் போகவில்லை. நைனா வரும்வரை காத்திருந்தார்.

வந்தவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் நைனா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

"இந்த மாசத்துலேருந்து நூறு ரூபா வாடகை குடுங்க. நான் ரசீது தரேன்" என்றார் டீச்சரம்மா. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஷீட்டு ஒடைஞ்சா மாத்தித் தர்றது என் வேலை. ஒடைஞ்சிருக்குதுன்னு கேக்கறது உன் வேலை" என்றார்.

வீட்டு வேலைக்கு இனிச் சம்பளம் தனி என்றும், காலி செய்யச் சொன்னால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்றும் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சொல்லிக்கொண்டே எழுதினார். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையின் வீட்டில் வாடகை கேட்கிறாரே என்பது மட்டும்தான் ஏறியது. போகும்போது அவர் நீட்டிய பிஸ்கட் பொட்டலத்தை வாங்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே புது ஷீட் வந்தது. அடுத்த மாதம் குழாய் கெட்டுப்போனது. அம்மா நைனாவின் போனை வாங்கி, தானே எண்ணை அழுத்தினாள்.

"டீச்சரம்மா, கொழாய்ல தண்ணி நிக்காம ஊத்திக்கினே இருக்குது. ஆள் அனுப்புங்க" என்றாள். குரல் இறங்கவில்லை, தலை குனியவில்லை. நூறு ரூபாய் கொடுக்கிற திமிரில் அம்மா மரியாதை கெட்டுப் பேசுகிறாள் என்று நினைத்து, போதும் போதும் என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.