முடக்கத்தான் படம் போட்ட டப்பா

தைப்பூச விரதத்தில் இருக்கும் பெண் மயங்கி விழுந்தால், எங்கள் ஆட்கள் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதில்லை. நெற்றியில் திருநீறு பூசுகிறார்கள். மலேசியாவில், பூச்சோங்கில் என் வீட்டுச் சமையலறையில் நான் விழுந்தபோதும் அதுதான் நடந்தது.

"முருகன் சோதிக்கிறாரு அண்ணி. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள் என் கணவரின் தங்கை மல்லிகா. வந்து நின்ற பக்கத்து வீட்டார் தலையாட்டினார்கள். நான் வாந்தி எடுத்துக்கொண்டே கிடந்தேன். வேலையிலிருந்து திரும்பிய என் மகள்தான் என்னைக் காரில் தூக்கிப் போட்டாள்.

என்னைச் சாய்த்தது முருகன் இல்லை. கிள்ளானில் ஒரு மாடிக் கடையில் வாங்கிய மூலிகைக் கேப்சூல்.

முழங்கால் வலிக்காகப் பல மாதங்களாக அதைச் சாப்பிட்டு வந்தேன். டப்பாவின் மேல் முடக்கத்தான் கொடியின் படம். அந்தக் கொடி எனக்குப் புதிதல்ல. என் வீட்டு வேலிக் கம்பியில் ஏறிக் கிடக்கிறது. விதை உதிர்ந்தால் போதும், கேட்காமலே முளைக்கும். இலையை அரிசியோடு அரைத்துத் தோசை வார்ப்பேன். மூட்டுக்கு நல்லது என்றுதான் சாப்பிடுகிறோம். ஆனாலும் அந்தத் தோசை ஒருநாளும் என்னை மாடிப்படியில் ஓட வைத்ததில்லை. கேப்சூலோ முதல் வாரத்திலேயே வலியைத் துடைத்துப் போட்டது. அடங்காமல் பசித்தது. முகம் உப்பி வட்டமானது.

"உடம்பு ஏறிக்கிட்டே போகுதே பாஸ்" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மூலிகை உடம்புல புடிச்சிருச்சுக்கா. நல்லதுதான் லா" என்றார்.

விரதம் தொடங்கிய அன்று மகள் ஒரு கேப்சூலை விரலில் உருட்டிப் பார்த்தாள். "அம்மா, இந்த உறைய மாட்டெலும்புல செஞ்சிருப்பாங்க" என்றாள். முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டு மாட்டெலும்பை விழுங்குவதா? அன்றோடு நிறுத்தினேன். அடுத்த சில நாட்களில் கை கால் துவண்டது, சோறு பார்த்தாலே குமட்டியது. விரதத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிடுவதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவசரப் பிரிவில், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். நம் வீடுகளில் மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. இளம் பெண் மருத்துவர் ஒருவர் என் வட்ட முகத்தையும், கையில் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருந்த தோலையும் உற்றுப் பார்த்தார்.

"ஆன்டி, நாட்டு மருந்து, லேகியம், கேப்சூல்? யாராச்சும் ஏதாச்சும் குடுத்தாங்களா?"

மகள் டப்பாவை எடுத்து வந்தாள். சோதித்ததில் உள்ளே இருந்தது ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் வேதிமருந்து). அது வெளியிலிருந்து தினமும் வந்ததால் என் அட்ரினல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சிறு சுரப்பி) வேலை செய்வதையே விட்டுவிட்டது. கேப்சூலைச் சட்டென்று நிறுத்தியதும், இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்ட்டிசோல் (அச்சுரப்பி தரும் சுரப்பு) உடம்பில் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள்.

மகள் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தாள். "மருந்த நிறுத்துனதாலதானே விழுந்தாங்க? அப்ப என் மருந்து வேலை செஞ்சிருக்குனுதானே அர்த்தம்?" என்றாராம். எத்தனை நெஞ்சழுத்தம் இருந்தால் இப்படிப் பேச வரும்? புகார் கொடுத்தோம். கடையைப் பூட்டினார்கள். இப்போது அதே டப்பா வாட்ஸ்அப்பில் விற்கிறது.

பார்க்க வந்தவர்களில் சிலர், "மூலிகையே ஏமாத்துதான்" என்று முடித்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதைவிட ஆத்திரம் வேறில்லை. அந்தக் கேப்சூலில் இலை இருந்ததா என்பதே சந்தேகம். என் வேலிக் கொடி யாருக்கு என்ன கெடுதல் செய்தது? நம் நம்பிக்கை அந்த இலையின் மேல் இருப்பது தெரிந்துதானே அதன் படத்தைப் போட்டு விற்றான்?

மருத்துவமனை எனக்குக் கொடுத்ததும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. சுரப்பி எப்போது விழிக்கும் என்று கேட்டேன். "அது இஷ்டத்துக்குத்தான் விழிக்கும் ஆன்டி, நம்ம அவசரம் அதுக்குத் தெரியாது" என்றார் மருத்துவர். இன்னொன்றும் சொன்னார்: இதைச் சாப்பிடுகிறவர் யாரைப் பார்த்தாலும், தானாக நிறுத்தவிடாமல் டப்பாவோடு அன்றே அழைத்து வர வேண்டும். இதைப் படிக்கும் நீங்களும் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

முழங்கால் வலி திரும்பிவிட்டது. காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன். முன்பு எந்த மருந்தையும் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்றுதான் மதிப்பிட்டேன். இப்போது சீக்கிரம் என்ற சொல்லே பயமாக இருக்கிறது.

போன வாரம் மல்லிகா வந்தாள். முகம் வட்டமாக இருந்தது.

"நானும் அதத்தான் சாப்பிட்டுட்டு இருக்கேன் அண்ணி. பயமா இருக்கு. இன்னிக்கே குப்பையில போட்டுர்றேன்."

"போடாத. ஒரு வேளைகூட நிறுத்தாத. இன்னிக்குச் சாப்பிட்டியா?"

"இல்ல. வெசம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"வெசம்தான். டாக்டர் பாக்குற வரைக்கும் அத முழுங்கித்தான் ஆகணும். முழுங்கிட்டுக் கெளம்பு."

கைப்பையிலிருந்து அவள் டப்பாவை எடுத்தாள். வாழ்நாளில் யாருக்கும் இவ்வளவு கோபத்தோடு நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை.