அழித்த பிறகும் போகாத ஃபைல்

போன செவ்வாய்க்கிழமை, தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து போன். ஒரு பெண் குரல்.

"சார், ஃபைலை அழிச்சுட்டேன்... ஆனா போவ மாட்டேங்குது!"

அழித்த பிறகு போகாமல் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டர் சர்வீஸிலேயே தலை நரைத்தவன் நான். எனக்கே ஆர்வம் தாங்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

பேசியவர் ஸ்டெல்லா. அத்திப்பட்டிலிருந்து வரும் கான்ட்ராக்ட் ஊழியர், டெஸ்டிங் பிரிவு. அங்கே இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'இடம் இல்லை' என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. இருப்பதிலேயே பெரிய ஃபைலாகப் பார்த்து, கமாண்ட் அடித்து அழித்துவிட்டார். அது குப்பை இல்லை. காலையிலிருந்து எடுத்த டெஸ்ட் ரீடிங் மொத்தமும் அதில்தான்! அது இல்லாமல் சரக்கு வெளியே போகாது. ஸ்டெல்லாவின் வேலை போய்விடும்.

நான் போனபோது அவருடைய சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் ஸ்விட்ச் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா பேஜாரு பண்ற? ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாப் பூடும்."

ஸ்டெல்லா கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நகரவே இல்லை.

"இடம் இன்னும் காலியாவல சார். அப்போ ஃபைலு உள்ளதானே எங்கியோ குந்திக்கினு கீது?"

எனக்குச் சுரீரென்றது. நல்லவேளை, போனில் யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் 'ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்றுதான் சொல்லியிருப்பேன்!

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்களில் ஒரு வேடிக்கை. அழித்தால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், அது விடும்வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அதைச் சொல்லவும் ஒரு கமாண்ட் உண்டு. அடித்தேன். டெஸ்டிங் புரோகிராம்தான்! ஆஃப் செய்திருந்தால் பிடி விட்டுப் போய், ஃபைல் நிஜமாகவே அழிந்திருக்கும்.

புரோகிராம் பிடியை விடுவதற்குள், அந்தப் பிடி வழியாகவே ஃபைலைப் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். ரீடிங் அத்தனையும் இருந்தது. ஸ்டெல்லா நாற்காலியில் உட்கார்ந்து அழுதேவிட்டார்.

ஒன்று புரியவில்லை என்றால் நம் கை ஏன் உடனே ஸ்விட்ச்சுக்குப் போகிறது? 'ஏன் இப்படி?' என்று கேட்க ஒரு நிமிடம்கூட நமக்குப் பொறுமை இல்லை... எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சூப்பர்வைசர் ரிப்போர்ட் நோட்டை எடுத்தார். "இன்னான்னும்மா எழுதறது?"

"நான்தான் அழிச்சேன்னு எழுதுங்க சார். ஸ்விட்ச்ச தொடவுடாம நின்னதும் நான்தான்னு கூடவே எழுதுங்க."

இரண்டாவதை அவர் எழுதினாரா, தெரியாது. நான் இங்கே எழுதிவிட்டேன்.