பூத்துப்போன வெண்காரம்

இன்று காலையில் தோசைக்கல்லைச் சூடு ஆறுமுன்னே குழாயடியில் நீட்டிவிட்டேன். சுர்ரென்று ஒரு சத்தம். "ஊத்துங்க" என்று வாய் தானாகச் சொல்லிற்று. கேட்க யாருமில்லை, வீட்டில் நான் ஒருவன்தான்.

காரைக்குடியில் ஓர் ஆய்வகத்தில் வேலைபார்த்தபோது அன்றாடம் கேட்ட சத்தம் அது. மண்பாண்டங்களுக்குப் பளபளப்புப் பூச்சு செய்கிற பிரிவு எங்களுடையது. பூச்சு சூளையில் இளகிப் பரவ வெண்காரம், அதாவது போராக்ஸ், வேண்டும். அப்படியே போட்டால் தண்ணீரில் கரைந்துவிடும். அதனால் மணலோடு சேர்த்து, மூசை என்கிற உருக்கும் குப்பியில் உருக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊற்றுவோம். கண்ணாடியாகிப் பொரிந்து சிதறும். அதற்குப் பெயர் ஃபிரிட். அரைத்துப் பூசவேண்டியதுதான். கல்கண்டு மாதிரி இருக்கிறதே என்று முதல் நாள் ஒன்றை வாயில் போடப்போன புத்திசாலி நான்.

கையைத் தட்டிவிட்டவர் ஆரோக்கியம். உலையும் சூளையும் அவர் பொறுப்பு. என் வயதுதான், ஆனாலும் 'சார்' என்பார். இடுக்கியில் மூசையைத் தூக்கியதும், "ஊத்தவா சார்?" என்று கேட்பார். நான் தள்ளி நின்று "ஊத்துங்க" என்றால்தான் ஊற்றுவார். மதியம் அவர் தன் ஊரான கீழச்சிவல்பட்டியிலிருந்து கொண்டுவந்த சோற்றில் பாதி எனக்கு. காரைக்குடியில் எனக்கு வேறு சிநேகிதம் கிடையாது.

ஒரு கோடையில் பூச்சு வழிந்து, சோதனை ஓடுகள் எல்லாம் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டன. 'சூளையில் சூடு மிஞ்சியதே காரணம்' என்று குறிப்பேட்டில் முத்து முத்தாக எழுதினேன்.

"சூடு கூடலையே சார், பக்கத்துலயேதேன் நின்டேன்" என்றார். பிறகு அவரே, "நீங்க எழுதிட்டீகள்ல, சரியாத்தேன் இருக்கும்."

மறுவாரம் வெண்கார டப்பாவைப் பார்த்தேன். நான் மூடாமல் விட்ட மூடி. வெக்கையில் படிகத்துக்குள் இருந்த நீர் வற்றி, வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நீர் போனதை அதே எடைக்கு நிறுத்தால் வெண்காரம் கூடத்தானே செய்யும், பூச்சும் அதிகமாக இளகத்தானே செய்யும்? பூச்சு வழிந்தது என்னால்.

சொல்லிவிட உலையடிக்கு ஓடினேன். மூசை வெளியே வந்துவிட்டது. "ஊத்தவா சார்?" என்றார். "ஊத்துங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. மறுநாள் அவரை வாசல் காவலுக்கு மாற்றிவிட்டார்கள், என் குறிப்பைக் காட்டி. "வாரீகளா சார்" என்று எழுந்து நிற்பார். வெட்கம் தாளாமல் பின்வாசல் வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

போன வருடம் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். இந்தத் தடவை சொல்லியே தீருவதென்று. அவர் மனைவி மட்டும் இருந்தார்.

"அவுக போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. உங்களப் பத்திப் பேசாத நாளில்ல. 'அந்த சார் தப்பா ஒரு எழுத்து எழுத மாட்டாரு'ம்பாக."

அவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பிரிவும் இல்லை, உலையும் இல்லை. குறிப்பேடு எந்தக் குப்பையில் போயிற்றோ. அந்த வரி பொய்யென்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.